முதல் வருடம் வாசிக்கிற வருடம்: மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பழகுவது எப்படி

மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் பலர், முதல் வாரத்திலேயே எதையாவது எழுதிக் காட்டிவிட வேண்டும் என்று தவிக்கிறார்கள். நானும் தவித்தேன். இந்த வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. பெரும்பாலும் சர்வர் பக்கம்தான்: பில் போடும் அமைப்புகள், கிடங்கில் சரக்குக் கணக்கு வைக்கும் அமைப்புகள். இத்தனை வருடத்தில் என் நேரம் எதில் கழிந்தது என்று எண்ணிப் பார்த்தால், எழுதியதைவிட வாசித்ததுதான் அதிகம். யாரோ எழுதிய நிரல். எழுதியவர் வேறு டீமுக்குப் போயிருப்பார், அல்லது வேலையை விட்டே போயிருப்பார். அவருடைய நிரல் மட்டும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்.

படிக்கிற காலத்தில் வெற்றுத் திரையில் ஆரம்பித்துப் பழகியிருப்பீர்கள். இங்கே வெற்றுத் திரை அபூர்வம். ஏற்கெனவே லட்சக்கணக்கான வரிகள் இருக்கும் இடத்தில் பத்து வரியை மாற்றச் சொல்வார்கள். அந்தப் பத்து வரியை எங்கே வைப்பது, வைத்தால் எது உடையும் என்று கண்டுபிடிப்பதுதான் சம்பளம் வாங்கித் தரும் வேலை. அதை எப்படிப் பழகுவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இரண்டு நொடி

நான் சேர்ந்து மூன்றாவது மாதம். ஆர்டரைப் பதிவு செய்யும் நிரலில், பதிவு முடிந்ததும் இரண்டு நொடி சும்மா காத்திருக்கும் ஒரு வரி இருந்தது. அதன் பிறகுதான் கிடங்கு அமைப்புக்குத் தகவல் போகும். பார்த்ததும் எடுத்துவிட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனது, ரிவ்யூ செய்தவரும் சரி என்றார். பக்கம் வேகமானது, எனக்கும் மகிழ்ச்சி.

மூன்றாம் நாள், கிடங்கிலிருந்து புகார். சில ஆர்டர்கள் மட்டும் "இப்படி ஓர் ஆர்டரே இல்லை" என்று திரும்பி வருகின்றன. ஒன்றரை நாள் தேடியபின் காரணம் பிடிபட்டது. நாங்கள் ஆர்டரை முதன்மை டேட்டாபேஸில் எழுதுகிறோம். கிடங்கு அமைப்போ அதன் நகலிலிருந்து வாசிக்கிறது. முதன்மையில் எழுதியது நகலுக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். வழக்கமாக அரை நொடிகூட ஆகாது, கூட்டம் அதிகமான நேரத்தில் ஒரு நொடியைத் தாண்டும். அந்த இடைவெளியைத்தான் யாரோ ஒருவர் இரண்டு நொடியால் மூடி வைத்திருந்தார்.

நல்ல வழியா என்றால், இல்லை. தேவையான விவரத்தைத் தகவலோடு சேர்த்தே அனுப்பியிருந்தால் நகலைப் பார்க்கவே வேண்டியிருக்காது; பிறகு நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். ஆனால் அந்த வரிக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வரியைச் சேர்த்த கமிட்டின் (நிரலில் செய்த ஒரு மாற்றத்தைச் சேமிக்கும் பதிவின்) குறிப்பில் ஒரு டிக்கெட் (வேலையையோ புகாரையோ பதியும் சீட்டு) எண் இருந்தது. டிக்கெட்டைத் திறந்தால் நகல், தாமதம், கூட்ட நேரம் எல்லாவற்றையும் விளக்கி ஒரு பத்தியே எழுதியிருந்தார். நீக்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து நான் அதைப் படித்திருக்கலாம்.

அன்று முதல் எந்த வரியையும் எடுப்பதற்கு முன், அது ஏன் வந்தது என்று தேடுகிறேன். தேடியும் கிடைக்காவிட்டால், எடுத்தபின் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

வாசிக்கும் முறை

முதல் வாரம் உங்கள் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி ஓடவைப்பதிலேயே போகும். அதற்கென்று ஓர் ஆவணம் தருவார்கள், அது பழையதாக இருக்கும். எங்கெல்லாம் ஆவணம் சொன்னபடி நடக்கவில்லையோ, அங்கங்கே நிறுத்தி ஆவணத்தைத் திருத்துங்கள். அதுவே உங்கள் முதல் பங்களிப்பாகட்டும். பழையவர்களால் இதைச் செய்ய முடியாது. அவர்கள் கணினியில் எல்லாம் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது. என்ன விடுபட்டிருக்கிறது என்பது புதியவர் கண்ணில்தான் படும்.

அடுத்து, நிரலை முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்புவரை படிக்க முயலாதீர்கள். நான் முயன்றேன், இரண்டு நாளில் எதுவும் மனதில் நிற்கவில்லை. பயனர் செய்யும் ஒரே ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டனை அழுத்துகிறார். அது எந்த முகவரிக்குப் போகிறது, எந்த ஃபங்ஷன் வாங்குகிறது, எந்த அட்டவணையில் எந்த வரியாகப் போய் உட்காருகிறது என்று டீபக்கரை (நிரலை வரி வரியாக நிறுத்தி ஓட்டிக் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு படியாகத் தொடருங்கள். கையோடு ஒரு தாளில் பெட்டிகளும் அம்புகளுமாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. இப்படி நான்கு செயல்களைத் தொடர்ந்தால், அமைப்பின் முதுகெலும்பு பிடிபட்டுவிடும். நான் வரைந்த முதல் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் பாதி தவறு, ஆனால் எங்கே தவறு என்று ஒருவரிடம் காட்டிக் கேட்க அந்தத் தாள்தான் உதவியது.

நிரலின் வரலாற்றை வாசிப்பது தனிக் கலை. இன்று ஏறக்குறைய எல்லா இடத்திலும், நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற கருவி இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் நிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது அது. பலர் அதில் கமிட், புஷ், புல் மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான பயன் அதற்கு அப்பால் இருக்கிறது. 'கிட் பிளேம்' ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார், எந்த கமிட்டில் என்று காட்டும். பெயர்தான் குற்றம் சாட்டுவது போல இருக்கிறது. நீங்கள் அதைக் காரணம் தேடப் பயன்படுத்துங்கள். சில நேரம், யாரோ இடைவெளிகளை ஒழுங்குபடுத்திய கமிட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது அதற்கு முந்தைய கமிட்டிலிருந்து மறுபடி கேட்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட சொல் நிரலுக்குள் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்று தேட, 'கிட் லாக்' கட்டளையோடு பெரிய 'எஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது 'கிட் பைசெக்ட்'. போன மாதம் வேலை செய்தது, இந்த மாதம் செய்யவில்லை, நடுவில் 1000 கமிட்டுகள். எதில் உடைந்தது? நடுக் கமிட்டை எடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். அங்கே நன்றாக இருந்தால் பிழை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துகொண்டே வரும். 1000 கமிட்டுகளுக்குச் சுமார் 10 சோதனையே போதும். பிழை இருக்கிறதா என்று தானாகச் சொல்லும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டால், கிட் தானே தேடி முடித்து கமிட்டைக் காட்டிவிடும். மூன்று பேர் இரண்டு நாள் ஊகித்துக்கொண்டிருந்த ஒரு பிழையை இப்படி நாற்பது நிமிடத்தில் பிடித்திருக்கிறேன். அதற்கு நிபந்தனை ஒன்று உண்டு: கமிட்டுகள் சிறியதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனியே ஓட வேண்டும். 4000 வரி மாற்றிய ஒரே கமிட்டில் வந்து நின்றால், அங்கிருந்து மறுபடி ஊகம்தான்.

கேட்பது

கேட்கத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மாலையில் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பார்கள். நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு 30 நிமிடம். அரை மணி நேரம் ஓர் அடிகூட முன்னே நகரவில்லை என்றால் கேட்டுவிடுவேன்.

கேட்கும்போது நான்கு விஷயம் எழுதுவேன். என்ன செய்ய நினைத்தேன், என்ன செய்தேன், என்ன நடந்தது, ஏன் இப்படி என்று நான் நினைக்கிறேன். பிழைச் செய்தியைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். நாளை இன்னொருவர் அதே பிழையைத் தேடும்போது கிடைக்கும். வெறும் "ஹலோ" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பார், நீங்கள் அதற்கு அப்புறம்தான் கேள்வியையே எழுதுவீர்கள். தனியாக ஒருவருக்கு அனுப்புவதைவிட டீமின் பொதுச் சேனலில் கேட்பது நல்லது. அங்கே கேட்டால் பதில் எல்லோருக்கும் மிஞ்சும்.

எழுதிக்கொண்டே வரும்போது, "ஏன் இப்படி என்று நான் நினைக்கிறேன்" என்ற இடத்தில் விடை தானாகத் தோன்றிவிடுவதும் உண்டு. இதற்காகவே மேசையில் ஒரு ரப்பர் வாத்து வைத்துக்கொண்டு, பிழையை அதனிடம் விளக்கிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டில்லை, உண்மையாகவே உதவும். வாய்விட்டுச் சொல்லும்போது, மனம் தாவிச் சென்ற படி எது என்று தெரிந்துவிடுகிறது.

டிக்கெட்டில் எழுதாதது

டிக்கெட்டில் பாதிதான் இருக்கும். மீதியைப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

"சிட்டையில் பெயர் சரியாக அச்சாகவில்லை." டிக்கெட்டில் இவ்வளவுதான். கிடங்கில் பெட்டிகள்மீது ஒட்டும் சிட்டை அது. ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வந்தன. தமிழில் 'கண்ணாடி' என்று போட்டால் 'கண்ணாட' என்று வந்து, அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நின்றது. 'கடிகாரம்' என்றால் 'கடிகார' என்று வந்து அதே கேள்விக்குறி. 'பேனா' மட்டும் பிழையில்லாமல் வந்தது.

எழுத்துரு பழுது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். கேள்விக்குறிக்கு முன்னால் வந்து நிற்கும் எழுத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. கண்ணாடி நமக்கு நான்கு எழுத்து: க, ண், ணா, டி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடுகள். அங்கே கண்ணாடி என்பது க, ண, புள்ளி, ண, கால், ட, இகரக் கொக்கி என்று ஏழு. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-ல் வடிவமைத்த, அந்தக் குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஏழு மூன்று இருபத்தொன்று. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட் போதும். அச்சு இயந்திரத்துக்குப் போகும் கோப்பில் ஒரு பெயருக்கு ஒதுக்கிய இடம் 20 பைட். இருபதோடு வெட்டியபோது, கடைசிக் கொக்கியின் மூன்று பைட்டில் இரண்டு உள்ளேயும் ஒன்று வெளியேயும் போய்விட்டது. உள்ளே மாட்டிய இரண்டு பைட் எந்த எழுத்தும் இல்லை. அதைத்தான் இயந்திரம் கேள்விக்குறியாகக் காட்டியது. பேனா நான்கு குறியீடு, 12 பைட். அதனால் தப்பித்தது.

இருபதை அறுபது என்று மாற்றினால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு நொடிக் கதை நினைவுக்கு வந்ததால், ஏன் இருபது என்று தேடினேன். அந்தக் கோப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் நிலையான இடம். 1 முதல் 20 வரை பெயர், 21-ல் தொடங்குவது பெட்டி எண். பெயரின் இடத்தை நீட்டினால் பெட்டி எண் நகர்ந்துவிடும், எல்லாச் சிட்டையும் கெட்டுவிடும்.

சரி, எழுத்தின் நடுவில் வெட்டாமல் முழு எழுத்தாக வெட்டலாம் என்றால், கண்ணாடி 'கண்ணா' ஆகிவிடும். கேள்விக்குறி போய்விடும், டிக்கெட்டை மூடியும் விடலாம். ஆனால் அது வேறு சொல். சிட்டையை ஒட்டுகிறவர்களிடமே போய்க் கேட்டேன்: பெயரை என்ன செய்கிறீர்கள்? "எண்ணைப் படிக்க நேரம் ஏது, பெயரைப் பார்த்துத்தான் எந்த அலமாரி என்று ஓடுகிறோம்" என்றார்கள். பாதிப் பெயர் அவர்களைத் தவறான அலமாரிக்கு அனுப்பும். அதன்பின் இயந்திரத்தின் கையேட்டைப் படித்தபோது, நீளம் மாறக்கூடிய புதிய கோப்பு வடிவம் ஒன்றையும் அது ஏற்கும் என்று தெரிந்தது. அதற்கு மாறினோம். அரை நாள் வேலை என்று நான் சொல்லியிருந்தது ஆறு நாளானது. அந்த ஆறு நாளைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. டிக்கெட்டின் வாசகத்தை மட்டும் நம்பியிருந்தால், பிழையை அழகாக்கி அனுப்பியிருப்பேன்.

நீங்கள் தமிழோ, ஆங்கிலம் அல்லாத வேறு மொழியோ அறிந்தவர் என்றால், எழுதும் ஒவ்வொன்றையும் அந்த மொழியில் சோதித்துப் பாருங்கள். நீளம், வெட்டுதல், வரிசைப்படுத்துதல், தேடுதல் இந்த நான்கிலும் எதாவது அகப்படும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் சரியாக உட்காரும், 4 பைட் கேட்கும் இமோஜி உட்காராது. 2010-ல் 5.5.3 பதிப்பில்தான் 'யூடிஎஃப்8எம்பி4' வந்தது. பழைய அட்டவணைகளில் இன்னும் முந்தையதைப் பார்க்கலாம்.

எழுதியதைக் காட்டுவது

கோட் ரிவ்யூ புதியவர்களுக்குத் தேர்வு போலத் தோன்றுகிறது. ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976-லேயே நிரலை மற்றவர்கள் முறையாக உட்கார்ந்து பரிசோதிக்கும் வழியை எழுதி வெளியிட்டிருக்கிறார். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது, கண் இருப்பதைப் பார்ப்பதில்லை, நினைத்ததைப் பார்க்கிறது. மற்றவர் கண் அதற்குத்தான்.

சிறியதாக அனுப்புங்கள். 60 வரியை அனுப்பினால் ஐந்து நல்ல கேள்வி வரும். 2000 வரியை அனுப்பினால் "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் வரும். படிக்கவில்லை என்று அர்த்தம். பெயர் மாற்றம் ஒரு கமிட், இடமாற்றம் ஒரு கமிட், நடத்தை மாற்றம் தனிக் கமிட்.

கமிட் குறிப்பில் என்ன மாற்றினேன் என்று எழுத வேண்டியதில்லை, அதை நிரலே காட்டும். ஏன் மாற்றினேன், வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டேன் என்று எழுதுங்கள். சிட்டை வேலைக்கு நான் எழுதிய குறிப்பு நிரலைவிட நீளம். 20 பைட், பெட்டி எண்ணின் இடம், கண்ணாடி, அலமாரி எல்லாம் அதில் உண்டு. இரண்டு வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர், பழைய வடிவத்துக்கான நிரலை நீக்கலாமா என்று ஆராய்ந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமலே சரியாக நீக்கியிருந்தார்.

மற்றவர் நிரலை ரிவ்யூ செய்யும்போது, புரியாததைக் கேள்வியாகவே கேளுங்கள். "இந்த வரி முன்பு ஏன் இருந்தது என்று பார்த்தீர்களா?" என்பது நான் அதிகம் கேட்கும் கேள்வி. புதியவராயிற்றே, எப்படிக் கேட்பது என்று நினைக்காதீர்கள். புதியவருக்குப் புரியாத நிரல், அடுத்த வருடம் எழுதியவருக்கே புரியாது.

இப்போது நிரலை எழுதித் தரும் ஏஐ கருவிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். சோதனைத் தரவு உருவாக்க, தெரியாத லைப்ரரியில் நுழைய, மிக உதவுகிறது. ஆனால் அது தந்த ஒவ்வொரு வரியையும், முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய நிரலைப் போலவே வாசிக்கிறேன். ரிவ்யூவில் "ஏன் இப்படி?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான். சொல்ல முடியாத வரியை அனுப்புவதில்லை.

எத்தனை நாள் ஆகும்?

இதைத்தான் அதிகம் கேட்பார்கள். ஒற்றை எண் சொல்லாதீர்கள். "இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள், அச்சு இயந்திரத்தின் கோப்பு வடிவத்தை இன்னும் பார்க்கவில்லை, பார்த்ததும் நாளை மதியம் உறுதியாகச் சொல்கிறேன்" என்று தெரியாததோடு சேர்த்துச் சொல்லுங்கள். மேனேஜருக்குத் தேவை துல்லியமான எண் அல்ல, எப்போது கவலைப்படத் தொடங்க வேண்டும் என்பது. தாமதமாகும் என்று புதன்கிழமை தெரிந்தால், புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். வெள்ளி மாலை சொன்னால், அவர் கையில் எந்த வழியும் மிச்சம் இருக்காது.

தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதினார். ஐபிஎம்மின் பெரிய இயங்குதளத் திட்டத்தை நடத்திய அனுபவம் அவருக்கு. கணக்கு எளிது. 5 பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடி. 10 பேர் என்றால் 45 ஜோடி. ஆள் இரட்டிப்பானால் பேச்சு நான்கரை மடங்கு. உங்களைத் திடீரென்று இப்படி ஒரு வேலைக்கு நடுவில் சேர்த்தால், முதல் வாரம் வேகம் குறைவது உங்கள் குறையால் அல்ல.

கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் நடக்கும் சிறு கூட்டமான ஸ்டாண்ட்-அப்பில் நேற்று செய்த பட்டியலை ஒப்பிக்காமல், எங்கே சிக்கி நிற்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

இரவில் போன் அடித்தால்

சில மாதங்களில் ஆன்-கால் முறை உங்களுக்கும் வரும். ப்ரொடக்‌ஷனில் (பயனர்கள் பயன்படுத்தும் நிஜ அமைப்பில்) எது உடைந்தாலும் அந்த வாரம் போன் உங்களுக்குத்தான். முதல் முறை கை நடுங்கும், அது எல்லோருக்கும் உள்ளதுதான்.

முதலில் சேதத்தை நிறுத்துங்கள், காரணம் பிறகு. கடைசியாக டெப்ளாய் ஆனது (புது நிரல் ஓடத் தொடங்கியது) ஒரு மணி நேரம் முன்பு, பிழை வரத் தொடங்கியதும் ஒரு மணி நேரம் முன்பு என்றால், ரோல்பேக் செய்துவிட்டு (முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிட்டு), பிறகு லாக்கை (அமைப்பு தானே எழுதும் பதிவை) படியுங்கள். என்ன செய்தாலும், மணியைப் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள்: 2:10-க்கு இதைப் பார்த்தேன், 2:14-க்கு இதை நிறுத்தினேன். தூக்கக் கலக்கத்தில் நினைவு நம்பத் தகுந்ததல்ல. பத்து நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால் அடுத்தவரை எழுப்புங்கள். என்னை எழுப்பியதற்காக யாரையும் நான் கடிந்துகொண்டதில்லை, எழுப்பாமல் விட்டதற்காக வருந்தியிருக்கிறேன்.

எந்த இயந்திரத்தில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு கட்டளைக்கும் முன் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் நீக்க நினைத்ததை முதன்மைச் சர்வரில் நீக்கிவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. இருக்கிறதென்று நம்பியிருந்த பேக்கப் ஏற்பாடுகள் கை கொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்திருந்த ஒரு நகலிலிருந்துதான் மீட்டார்கள். அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மீளவில்லை. நடந்த எல்லாவற்றையும் அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால்தான் நாம் படிக்க முடிகிறது. அதைப் படித்தபின், நான் ப்ரொடக்‌ஷன் சர்வரின் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து உண்மையாகவே ஒரு டேட்டாபேஸை மீட்டுப் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாக எண்ணுவதில்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கடிகாரத்தை வருடத்துக்கு இருமுறை மாற்றும் சில நாடுகளில், ஒரு நாள் இரவு 2 மணி ஆனதும் கடிகாரம் மறுபடி 1 மணிக்குத் திரும்பும். அன்று ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். எங்கள் பில் அனுப்பும் வேலையை ஒன்றரைக்கு வைத்திருந்தேன். வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓடவைக்கும் ஷெட்யூலர் நாங்களே எழுதியது, உள்ளூர் நேரத்தில் ஓடுவது. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் இரண்டு பில் போனது. வேலையை நிறுத்துவதற்கு எனக்குப் போன் வரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினோம்.

நேரத்தை யூடிசிக்கு (கடிகார மாற்றம் இல்லாத உலகப் பொது நேரத்துக்கு) மாற்றினோம். அதோடு விடாமல், ஒரு வாடிக்கையாளர், ஒரு மாதம், ஒரு பில் என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைத்தோம். இனி எந்தக் காரணத்தால் இரண்டாம் தடவை ஓடினாலும் இரண்டாவது பில்லை டேட்டாபேஸே மறுத்துவிடும். எதை எழுதினாலும் "இது இரண்டு தடவை ஓடினால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. நெட்வொர்க் அறுந்து மறுபடி அனுப்பும், பயனர் பட்டனை இருமுறை அழுத்துவார், சர்வர் நடுவில் நின்று மறுபடி எழும். இரண்டாம் தடவை நிச்சயம் வரும்.

எல்லாம் முடிந்தபின் எழுதும் அறிக்கையில் ஆளின் பெயரைக் காரணமாகப் போடாதீர்கள். "கவனக்குறைவு" என்று எழுதினால் அடுத்து செய்ய ஒன்றுமில்லை. "ஷெட்யூலர் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்துகிறது, கடிகார மாற்றத்துக்கு டெஸ்ட் இல்லை" என்று எழுதினால் செய்ய இரண்டு வேலை கிடைக்கிறது. அந்த அறிக்கையை நான்தான் எழுதினேன். என் மேனேஜர் அதில் என் பெயர் இருந்த ஒரே வாக்கியத்தை அடித்துவிட்டு, மீதியை அப்படியே எல்லோருக்கும் அனுப்பினார். இரவு விழித்த மறுநாள் வேலைக்கு வரக் கூடாது, தூங்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். அந்த வழக்கம் இல்லாத டீமில் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

டீம் மாறும்போது

ஒரு நாள் நீங்களும் வேறு டீமுக்கோ வேறு இடத்துக்கோ போவீர்கள். கடைசி இரண்டு வாரத்தைப் புது நிரலில் செலவழிக்காதீர்கள். உங்களை மட்டுமே அடிக்கடி தேடி வரும் கேள்விகள் எவை என்று பழைய உரையாடல்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுதி நிரலின் பக்கத்திலேயே வையுங்கள். பாதியில் நிற்கும் பிராஞ்சுகளுக்கு (நிரலின் தனிக் கிளைகளுக்கு), ஏன் நின்றது என்று ஒரு வரியாவது சேர்த்து மூடுங்கள். பிறகு, உங்கள் கணக்கின் பெயரில் ஓடும் வேலைகளைத் தேடுங்கள். இரவில் தானாக ஓடும் அறிக்கை, உங்கள் சாவியை வைத்துக்கொண்டு பேசும் ஸ்கிரிப்ட், உங்கள் மின்னஞ்சலுக்கு மட்டும் வரும் எச்சரிக்கை. நீங்கள் போனதும் கணக்கை முடக்குவார்கள், அவை அன்றிரவே சத்தமில்லாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் டீமின் பொதுக் கணக்குக்கு மாற்றி, மாற்றியபின் ஒரு தடவை ஓடியதை நேரில் பார்த்துவிட்டு, உங்கள் அணுகல் உரிமையை எடுத்துவிடும்படி நீங்களே கேளுங்கள்.